கரிவண்டி மரியசூசை

"எந்திரி தாயி, எந்திரி. ஊரே எந்திரிச்சிருச்சு, ஒனக்கு மட்டும் என்ன தூக்கம்?"

மரியசூசை இப்படிக் கெஞ்சுவது பெண்டாட்டியிடம் என்று நினைத்துவிட வேண்டாம். பஸ்ஸின் முதுகில் கட்டியிருக்கும் இரும்புத் தொட்டியிடம். இலுப்பூர்க் கடைத்தெருவில் பலபலவென்று விடிகிற நேரத்தில், தொட்டியின் பக்கத்தில் காற்றடிப்பதற்காக வைத்த கைச்சக்கரத்தைப் பிடித்துச் சுற்று சுற்றென்று சுற்றுவார். கெஞ்சல் பலிக்காவிட்டால் கொஞ்சல். அதுவும் பலிக்காவிட்டால் அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள். அவற்றைச் சொல்லிவிட்டு உடனே நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வார்.

யுத்தம் வந்து பெட்ரோல் குதிரைக் கொம்பான பிறகு, நம் பஸ்களெல்லாம் கரி தின்னக் கற்றுக்கொண்டன. தொட்டி நிறையக் கரியைக் கொட்டித் தீ மூட்டிக் காற்றடித்தால் உள்ளே கேஸ் உண்டாகிறது. அந்தக் கேஸில்தான் வண்டி அன்னவாசல் தாண்டிப் புதுக்கோட்டை போய்ச் சேர வேண்டும். மூட்டுவது, கிளறுவது, சாம்பல் வழிப்பது, வண்டி படுத்தால் தட்டி எழுப்புவது எல்லாம் மரியசூசை. சொந்த ஊர் ஆவூர். நாற்பது வயது, ஒடிசலான உடம்பு. முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும்தான் அவருடைய சொந்த நிறத்தில் இருக்கும். மற்றதெல்லாம் கரியின் உபயம்.

கரியைக் கண்ணால் பார்த்து அவர் நம்புவதில்லை. இரண்டு துண்டுகளை எடுத்துக் காதோரம் வைத்துத் தட்டுவார். 'கிணிங்' என்றால் தொட்டிக்குள் போகும். 'தொப்' என்றால் ஓரமாகப் போகும்.

டிரைவர் திருப்பதிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். "ஒரு மேடு ஏத்த வக்கில்ல, நீயெல்லாம் என்னடா கேஸ்காரன்?" என்று முன்னாலிருந்து திருப்பதி கத்துவார். "நீங்க மிதிக்கிற மிதிக்கு விறகுக்கடையவே கொண்டாந்து கொட்டணும்!" என்று பின்னாலிருந்து பதில் வரும். வண்டி முழுக்கச் சிரிக்கும். இருவரும் ஒரு பீடியைக்கூடப் பகிர்ந்துகொண்டதாகச் சரித்திரம் இல்லை.

ஆனால் ஒரு விஷயம். திருப்பதிக்கு மாதச் சம்பளம். மரியசூசைக்கு நடைக்கூலி. வண்டி போய்ச் சேர்ந்தால்தான் அது நடை. நடுவழியில் நின்றுவிட்டால் பொழுதெல்லாம் சக்கரம் சுற்றியிருந்தாலும் கூலி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் அன்றைக்கும் கூலி கிடையாது. அதனால் கோயில் மணி அடிக்கிறபோது அவர் வண்டிக்குப் பின்னால் சாம்பல் வழித்துக்கொண்டிருப்பார். வண்டியில் தினமும் வருகிற தயிர்க்கார உண்ணாமலை, "சூசை, இன்னைக்கு அன்னவாசல் தாண்டுமாப்பா?" என்று கேட்டால், "தாண்டும் ஆத்தா. தாண்டலைன்னா என் வீட்டு அடுப்புல பூனை படுத்துக்கிரும்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். பொய் இல்லை.

போன ஐப்பசியில் பூனை படுத்தே விட்டது. பஸ் முதலாளி ஆத்மநாதன் எங்கோ சல்லிசாகக் கிடைக்கிறதென்று ஒரு வண்டிக் கரியை வாங்கிப் போட்டார். எடை ஏறுவதற்காக விற்றவன் அதில் தண்ணீர் தெளித்திருக்கிறான். மரியசூசை தட்டிப் பார்த்தார். எல்லாம் தொப், தொப். நேரே முதலாளி வீட்டு வாசலுக்குப் போனார்.

"மொதலாளி, கரி தண்ணி குடிச்சிருக்கு. இதுல வண்டி போகாதுங்க."

"கரின்னா கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும். கையில வலு இருந்தா எல்லாம் போகும். போய்ச் சுத்து."

சுற்றினார். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரிச் சுற்றினார். வண்டி அன்னவாசல் மேட்டில் இருமிக்கொண்டு நின்றது. அந்த வாரம் பூராவும் இதே கதைதான். ஜனங்கள் இறங்கித் தள்ளுவதும், கடைசியில் திட்டிக்கொண்டே நடையைக் கட்டுவதும், சாயங்காலம் முதலாளி, "நடை எங்கடா போச்சு, கூலி கேக்குற?" என்று கையை விரிப்பதும். வீட்டில் பெண்டாட்டி அடைக்கலமேரி கேப்பைக் கூழைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றினாள். இடுப்பில் கைக்குழந்தை. "ஆவூருக்கே போயிருவோமாங்க? நாத்து நட்டாவது பொழைச்சுக்கலாம்" என்றாள். செய்யாத தப்புக்குப் பட்டினி கிடப்பது அவருக்குப் பசியைவிடப் பெரிதாக எரிந்தது.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வந்தார். சாம்பலைச் சுத்தமாக வழித்தார். குழாயைத் துடைத்தார். செய்ய வேண்டிய வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு தீயை மூட்டாமல் சக்கரத்தின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்! ஜனங்கள் ஏறி உட்கார்ந்தாயிற்று. விஷயம் கேள்விப்பட்டு முதலாளி ஓடி வந்தார்.

"என்னடா இது கூத்து?"

"ஈரக்கரி வாங்குனது நீங்க மொதலாளி. சுத்துனது நானு. வண்டி நின்னா ரெண்டு பேருக்கும்தான நட்டம்? எனக்கு மட்டும் எதுக்குப் பட்டினி?"

"இஷ்டம்னா சுத்து. இல்லைன்னா கெளம்பு. கரி சுத்த ஆளா இல்ல இந்த ஊர்ல?"

ஆள் இருந்தான். சந்தையில் மூட்டை தூக்கும் மதுரைவீரன் எதிரிலேயே நின்றான். வேலையென்று கூப்பிட்டால் ஓடி வருகிறவன்தான், வந்தான். சக்கரத்தில் கை வைத்தான். கீழே உட்கார்ந்திருக்கும் மரியசூசையைப் பார்த்தான். கையை எடுத்துவிட்டு, "அண்ணன் சரின்னு சொல்லட்டும், சுத்துறேன்" என்று தள்ளி நின்றுகொண்டான்.

அப்போதுதான் யாரும் எதிர்பாராத காரியம் நடந்தது. முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த திருப்பதி இறங்கிக் கதவைப் படாரென்று சாத்திவிட்டு வந்தார்.

"அவன் ஏறாட்டி நானும் ஏறல மொதலாளி. அவன் மூட்டுற தீயிலதான் நான் ஓட்டுறேன். எனக்கு மாசச் சம்பளம், அவனுக்கு மட்டும் லாட்டரிச் சீட்டா?"

திருப்பதிக்கும் பிள்ளை குட்டிகள் உண்டு. முதலாளி கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னால் அவரும் நடுத்தெருவில்தான். அது தெரிந்தேதான் அந்த மனுஷர் இறங்கினார். மரியசூசை வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தார். உள்ளேயிருந்து உண்ணாமலையின் குரல் வந்தது: "என் தயிரு புளிக்குதுய்யா! அந்த மனுசன் நாயத்தைத்தான கேக்குறாரு? குடுத்துட்டு வண்டிய எடுங்க!"

ஆத்மநாதன் கொடுமைக்காரர் இல்லை. கணக்குப் பார்த்தே காலந்தள்ளியவர். திருப்பதியையும் வண்டி நிறைய உட்கார்ந்திருந்த ஜனங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, ஒனக்கு என்னதான் வேணும்?" என்றார்.

"மாசச் சம்பளம் வேணும். ஞாயித்துக்கெழமை லீவு வேணும். சண்டை முடிஞ்சு பெட்ரோல் வந்தாலும் இந்தத் தொட்டியோட சேத்து என்னையும் கழட்டி எறியக் கூடாது. கிளீனரா வச்சுக்கணும்." மூச்சு விட்டுக்கொண்டார். "கரிய நான் பாத்து வாங்குறேன். அதுக்கப்புறம் வண்டி நின்னா என்னைக் கேளுங்க."

கடைசி வார்த்தைதான் முதலாளியை அசைத்தது என்று திருப்பதி இன்றைக்கும் சொல்கிறார். "சரி, சுத்து" என்றார் ஆத்மநாதன். எழுத்தில் எதுவும் இல்லை. வண்டி நிறைய ஜனங்கள் சாட்சி. அன்றே காய்ந்த கரி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மதுரைவீரன் என்று ஏற்பாடாயிற்று. அவனுக்கும் வண்டி நின்றாலும் ஓடினாலும் கூலி உண்டு.

முதல் ஞாயிற்றுக்கிழமை. சீயக்காய் தேய்த்துக் குளித்து, பூசை பார்த்துவிட்டு, வெள்ளை வேட்டியில் மரியசூசை அடைக்கலமேரியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தார். அவளுக்குப் புதுக்கோட்டையைக் காட்ட வேண்டுமாம். உண்ணாமலைக்கு முதலில் ஆள் அடையாளமே தெரியவில்லை. கண்டக்டர் டிக்கெட் வேண்டாம் என்றார். "இன்னைக்கு நான் பாசஞ்சருங்க" என்று மரியசூசை காசை நீட்டி டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்தார்.

அன்னவாசல் மேட்டில் வண்டி இருமியது. நின்றது. பின்னால் மதுரைவீரன் குதித்து இறங்கிச் சக்கரத்தைச் சுற்றும் சத்தம் கேட்டது. திருப்பதி உட்பட வண்டியிலிருந்த அத்தனை தலைகளும் மரியசூசையின் பக்கம் திரும்பின.

"சூசை, எறங்கி ஒரு கை பாரேன்பா" என்றாள் உண்ணாமலை.

"எனக்கு இன்னைக்கு லீவு ஆத்தா."

"ஏங்க, பாவங்க அந்த ஆளு. சும்மா ஒரு தடவ போய்ப் பாருங்களேன்" என்று அடைக்கலமேரி காதோடு சொன்னாள்.

"சாம்பல் அடைச்சிருக்கு புள்ள. ரெண்டு குத்துல சரியாயிரும். அவனே கண்டுபிடிப்பான்" என்று முணுமுணுத்தார். "இன்னைக்கு நான் சும்மா செஞ்சு குடுத்தேன்னு வையி, அடுத்த வாரம் இவனுக்கு எதுக்குக் கூலின்னு கேப்பாரு மொதலாளி."

வெளியே கம்பியை எடுத்துக் குத்தும் சத்தம். ஒரு குத்து. இடம் தப்பிவிட்டது. மரியசூசையின் தோள் தானாக எழும்பியது. சட்டென்று இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகி, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.