எதிர்க்கட்சி

தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் ஒரு பேராசிரியருடைய நூலின் புரூஃப் தாள்களைப் புரட்டியபடி பேசுகிறார். மறுமுனையில் அவருடைய அண்ணி.

"அண்ணி, ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்துட்டீங்க. அப்புறந்தான் தெரியுது, அவருக்கே அது மறந்துபோச்சுன்னு. காப்பாத்துவீங்களா?"

பதிலைக் கேட்டுச் சிரித்தபடி என் பக்கம் திரும்புகிறார். "மறந்தவனுக்கு ஞாபகப்படுத்துறவ பைத்தியக்காரியாம். பேராசிரியரோட மூணு பக்க வாதம் போச்சு." பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுகிறார்.

மொழியியல், பொருளாதாரம், அரசியல், அறவியல் என்று கனமான நூல்களை மட்டும் வெளியிடும் பதிப்பகத்தில் இவர் எடிட்டர். எழுத்துப்பிழை பார்க்க வேறு ஆள் உண்டு. இவர் பார்ப்பது வாதத்தை. எந்த வாதத்தையும் உயிருள்ள ஒருவரிடம் கேட்டுப் பார்க்காமல் அச்சுக்கு விடமாட்டார். கூலி பற்றிய நூல் வந்தால் வாசல் காவலர் மாட்டுவார். மதிய வேளையில் இவர் பக்கத்து நாற்காலி எப்போதும் காலி. "சாப்பிட விடுங்க தாயே, என் மனசாட்சிக்கு இப்ப இடைவேளை" என்று கணக்கர் கும்பிட்டுவிட்டு நகர்வதை நானே பார்த்தேன்.

கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். எதிரில் இருப்பவர் முகம் மங்கினால்தான் தைரியமாகப் பேச்சு வருமாம்.

எங்கள் வீட்டில் என் அப்பா இவருக்கு வைத்த பெயர் எதிர்க்கட்சி. வரிசையில் நிற்பதன் நியாயம் பற்றி அப்பா எழுதிய நூலுக்காக இருவரும் தொலைபேசியில் கத்திக்கொள்வார்கள். கடைசி அத்தியாயத்தின் ஓரத்தில் இவர் எழுதிய கேள்வி வந்தபோது அப்பா மருத்துவமனையில் இருந்தார். பதில் எழுதவில்லை. இறந்துவிட்டார்.

நான் லிஃப்டுகளுக்கு மென்பொருள் எழுதுகிறவள். எந்த மாடிக்கு முதலில் போவது என்று நிரல் முடிவு செய்யும். அறவியல் தெரியாது.

பதிப்பக உரிமையாளர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். "பதில் இல்லாத கேள்வியோட அத்தியாயத்தை அனுப்ப முடியாது. மகள் நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுங்க. இல்லைன்னா அத்தியாயத்தையே எடுத்துடலாம்."

மற்ற அத்தியாயங்கள் எல்லாம் நடந்து வந்து சேரும் இடம் அது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நீளமான முன்னுரைதான்.

தாளைப் பார்த்தேன். அப்பாவின் வரி: "தனக்காகப் பேச முடியாதவரின் இடத்தை, அவருக்குப் பின்னால் நிற்பவர் காக்க வேண்டும்." ஓரத்தில் பென்சில்: "பின்னால் நிற்பவருக்கும் அவசரம் என்றால்?"

எனக்குப் பதில் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அது என்னுடையதாக இருக்கும், அப்பாவுடையதாக இருக்காது. "முடியாது" என்றேன்.

எதிர்க்கட்சி கண்ணாடியைக் கழற்றினார்.

"நானும் எழுத மாட்டேன். இத்தனை வருஷம் சண்டை போட்ட மனுஷன். அவர் இல்லாத நேரம் பாத்து என்னை ஜெயிக்கச் சொல்றீங்களா? அத்தியாயம் இருக்கட்டும். கேள்வியும் அப்படியே அச்சாகட்டும், என் பேரோட. திட்டு வந்தா எனக்கு வரட்டும்."

"எடிட்டர் பேரு புத்தகத்துக்குள்ள வந்ததே இல்லையேம்மா."

"எழுதினவர் இப்படிப் பாதியில எந்திரிச்சுப் போனதும் இல்லீங்களே."

உரிமையாளர் என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். அப்பா போனபிறகு நான் மனதாரச் சரி என்று சொன்னது அதுதான் முதல் முறை.

"இன்னொண்ணு" என்றார் இவர். "கேள்விக்கு எதிர்ப்பக்கம் காலியா விடணும்."

"வெத்துப் பக்கத்தை யாரும்மா படிப்பா?"

"படிக்கறதுக்கு இல்லீங்க. எழுதறதுக்கு. யாராவது வருவாங்க."

உரிமையாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மறுக்கவில்லை.

இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து அப்பாவின் புரூஃப் கட்டுக்குள் செருகினார். ஓரங்களைத் தட்டிச் சமன்படுத்தினார். பிறகு அந்தத் தாளின் அடியில், மற்றப் பக்கங்களுக்குப் போலவே, பக்க எண்ணை எழுதினார்.