முத்தத்துக்குப் பிறகு

கல்யாணமாகி ஐந்தாம் நாள், முத்தம் கொடுப்பது எப்படி என்று போனில் தேடிப் படித்தேன். வயது இருபத்தெட்டு. காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்துகிறவள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். அதுவரை எந்த ஆணின் கையையும் நான் பிடித்ததில்லை. தானும் அப்படித்தான் என்று அவரே சொல்லியிருந்தார், காது சிவக்க.

பல் தேய்த்துக்கொள், அவசரப்படாதே, மூக்கு இடிக்காமல் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். பரீட்சைக்குப் படிப்பதுபோல் எல்லாவற்றையும் படித்தேன். முத்தம் முடிந்தபின் என்ன செய்யக் கூடாது என்று ஒரு மகாராஜனும் எழுதவில்லை.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் எச்சில் என்பது சின்ன விஷயம் இல்லை. டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தால் அம்மா முறைப்பாள். தெரியாமல் விரல் வாயில் பட்டுவிட்டால்கூட, "எச்சக் கையோட எதையும் தொடாதே, போய் அலம்பிண்டு வா" என்பாள். அவர் வளர்ந்தது ஃபேக்டரி குவார்ட்டர்ஸில். அங்கே ஒரே டம்ளர் காபியை அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றிக் குடிப்பார்களாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தில்லைநகரில் எங்கள் வாடகை வீட்டில், சாப்பிட்ட தட்டுகளை எடுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். அவர் அருகில் வந்தார். தலையைச் சாய்த்தேன். மூக்கு இடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. அழுத்தியே சொல்கிறேன், ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்த நிமிடம் வாஷ்பேசினில் நின்று வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். யோசித்துச் செய்யவில்லை, கால் அதுவாகப் போனது. மூன்று தடவை கொப்பளித்துத் துப்பிவிட்டு, துண்டில் உதட்டைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், அவர் பின்னால் நிற்கிறார். முகத்தில் இருந்த சிரிப்பு போயிருந்தது. "டீ போடட்டுமா?" என்று மட்டும் கேட்டார். வெட்கத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சரி என்றேன்.

அதன் பிறகு மூன்று வாரம் என் பக்கத்தில் வரவில்லை. பேசினார், காய் வாங்கி வந்தார், பஸ் ஸ்டாப் வரை வண்டியில் கொண்டுபோய் விட்டார். அவ்வளவுதான். அவருக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். அம்மாவிடம் போய்ச் சொல்லுகிற விஷயமா இது? வகுப்பில் பாடத்தின் நடுவே வார்த்தை மறந்து நின்றேன்.

முக்கொம்பு அணைக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"என்னைப் பிடிக்கலையா உங்களுக்கு?"

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கா? நீதானே அன்னைக்கு ஓடிப்போய் வாய் கழுவின. என் வாயில நாத்தம்னு நினைச்சேன். ரெண்டு தடவை பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன். ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்றார்."

"பிடிக்காம இல்லை. எங்காத்துல எச்சல் பட்டா உடனே அலம்பணும். அந்தப் பழக்கம்தான், வேற ஒண்ணும் இல்லை" என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் நம்பினார். நம்புவதாகத்தான் சொன்னார்.

இப்போது ஆறு வருஷமாகிறது. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன், சிரமப்பட்டுத்தான். ஆனாலும் ஒவ்வொரு முத்தத்துக்குப் பிறகும் அவர் ஒரு கணம் அசையாமல் நின்று, நான் எங்கே போகிறேன் என்று பார்க்கிறார். அடுப்பில் பால் பொங்கினாலும் நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.