வீட்டுக்காரர் ஜெபமும் குவைத் செய்தியும்

எழுத வந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது பத்தாம் வகுப்பு வரை. அதிலும் பத்தாம் வகுப்பைப் பாதியாகத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். எழுதுகிறவர்கள் எல்லாம் நன்றாகப் பேசவும் செய்வார்கள் என்று கேள்வி. எனக்குப் பேச்சு வராது. "வாயால வராதது கையால வருமாண்ணு பாருங்க" என்று என் மனைவி சொன்னதால்தான் இந்தத் துணிச்சல். பிடிக்காவிட்டால் பழியில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிடலாம்.

எங்கள் வீடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், எல்லைக்குக் கேரளப் பக்கம். ரேஷன் கார்டு மலையாளத்தில், வேதபுத்தகம் தமிழில். பிள்ளைகள் சண்டை போடும்போது மலையாளம், அடி வாங்கி அழும்போது தமிழ். நான் தையல்காரன். முன்னறையில் ஒரு மிஷின், ஒரு கண்ணாடி, ஒரு ரேடியோ. துணி கொண்டு வருகிறவர்களிடம் நான் பேசுவது அதிகமும் எண்கள்தான். "முப்பத்தாறு. பதினேழரை. சனிக்கிழமை." சனிக்கிழமை எண் அல்ல என்பது தெரியும். அது பல சமயம் உண்மையும் அல்ல.

எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு ரேடியோவில் தமிழ்ச் செய்தி கேட்பது. காலையில் ஏழேகால், ராத்திரி ஏழேகால். கேட்பேனே தவிர, கேட்டதை ஒருவரிடமும் சொல்லமாட்டேன். சாயக்கடையில் ஒருமுறை ஏதோ ஒரு நாட்டுப் பிரதமரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் இறங்கவில்லை என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். சாயாவைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

தொண்ணூறில் குவைத்தில் சண்டை வந்தது. எங்கள் அடுத்த வீட்டு அக்காவின் மகன் அங்கே தச்சு வேலையில் இருந்தான். அக்காவுக்குப் புருஷன் இல்லை, பிள்ளையும் அவன் ஒருவன்தான். சண்டை தொடங்கிய பிறகு அவனிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. சாயக்கடைக்காரர், அவரும் எங்கள் சபைக்காரர்தான், குவைத்தில் எண்ணெய்க் கிணறு எல்லாம் எரிகிறது, ஆள் ஒருவரும் மிச்சமில்லை என்று சொல்லிவிட்டார். அது காதில் விழுந்து அக்கா இரண்டு நாள் பாயை விட்டு எழவில்லை.

அதன் பிறகு எங்கள் சபையை நடத்துகிற உபதேசியார் ஒரு கட்டுப்பாடு போட்டார்: அக்காவின் முன்னால் யாரும் குவைத் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. ஊர் முழுவதும் அப்படியே நடந்தது. அக்காவைக் கண்டால் எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினோம். மழை பெய்யாத நாளிலும் பேசினோம். அக்கா எங்கள் படி ஏறும் சத்தம் கேட்டால் நான் செய்தியை மாற்றி நாதசுரம் வைத்துவிடுவேன். அக்கா ரேடியோவையே பார்த்துக்கொண்டு இருப்பாள். "நாதசுரம் நல்லா இருக்கு" என்பாள். போய்விடுவாள்.

மனைவிக்கு இது பொறுக்கவில்லை.

"ரேடியோவுல நல்லதும் சொல்லுதான்லா. ஆளுவ பஸ்ஸுல வெளிய வாறாவண்ணு நேத்து நானே கேட்டேன். அக்காகிட்ட சொன்னா என்ன?"

"உபதேசியார் சொல்லப்பிடாதுண்ணு..."

"உபதேசியார் தலையில வைக்காதீங்க. உங்களுக்கு வாய் தொறக்க மடி. அதாக்கும் காரியம்."

அது உண்மைதான்; வாய் திறக்க எனக்குச் சோம்பல். அப்போதுதான் வீட்டுக்கூட்டம் எங்கள் முறைக்கு வந்தது.

எங்கள் சபையில் வியாழக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு வீட்டிலாகக் கூட்டம் நடக்கும். பாட்டு, வேதவாசிப்பு, உபதேசியாரின் பிரசங்கம். கடைசியில் அந்த வீட்டுக்காரர் வாய்விட்டு ஜெபம் செய்து முடிக்க வேண்டும். இதற்கு மாற்று ஆள் கிடையாது. முந்தின வருடம் எங்கள் முறை வந்தபோது, பிரசங்கம் முடிகிற நேரம் பார்த்து, பசுவுக்கு வலி வந்துவிட்டது என்று சொல்லித் தொழுவத்துக்குப் போய்விட்டேன். பசு கன்று போட்டது அதற்கு நாலு மாதம் கழித்து. அன்றிலிருந்து எங்கள் சபையில் யாராவது கூட்டத்தில் பாதியில் எழுந்தால், "என்ன, பசுவுக்கு வலியா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

இந்த முறை மனைவி பசுவை மத்தியானமே அக்கா வீட்டுத் தொழுவத்தில் கொண்டு கட்டிவிட்டாள்.

"பரமபிதாவேண்ணு தொடங்குங்க. மீதி தன்னால வரும்" என்றாள்.

மிஷினில் உட்கார்ந்து மூன்று ஜாக்கெட் தைக்கும் நேரம் பரமபிதாவே, பரமபிதாவே என்று சொல்லிப் பார்த்தேன். மீதி வரவில்லை. ஒரு ஜாக்கெட்டில் கை இடம் மாறிவிட்டது.

கூட்டத்துக்கு வீடு நிறைய ஆட்கள். அக்காவும் வந்து கதவோரம் உட்கார்ந்தாள். சாயக்கடைக்காரர் என் கண்ணாடிக்குக் கீழே இருந்தார். உபதேசியார் பிரசங்கம் முடித்து, "தூரதேசத்துல உள்ள பிள்ளைகளையும் நினைச்சு, வீட்டுக்காரர் ஜெபிச்சு முடிக்கட்டும்" என்றார். குவைத் என்று சொல்லாமல் அந்த அளவுக்குத்தான் அவரால் நெருங்க முடிந்தது. எல்லோரும் முழங்காலில் நின்று கண்ணை மூடினார்கள்.

"பரமபிதாவே" என்றேன்.

பிறகு ஒன்றும் இல்லை. யாரோ இருமினார்கள். மனைவி என் இடுப்பில் கிள்ளினாள். வீட்டில் பேசுகிற பேச்சில் ஜெபம் பண்ண எங்கள் ஊரில் யாரும் துணியமாட்டார்கள்; அதற்கு நல்ல தமிழ் வேண்டும். எனக்கு மனப்பாடமாய்த் தெரிந்த நல்ல தமிழ் உலகத்திலேயே ஒன்றுதான். அது வந்துவிட்டது.

"பரமபிதாவே, வளைகுடாப் பகுதியில் நிலைமை தொடர்ந்து பதற்றமாக இருந்து வருகிறது."

"ஸ்தோத்திரம்" என்றார் உபதேசியார், பழக்கத்தில். பிறகு அவர் மூச்சு விடுவது நின்றது எனக்குக் கேட்டது. நான் நிற்கவில்லை. நின்றால் மறுபடி தொடங்க முடியாது.

"குவைத்தில் இருந்து இந்தியர்கள் பேருந்துகளில் பாலைவனம் வழியாக ஜோர்டான் நாட்டின் தலைநகர் அம்மானுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து விமானம் மூலம் பம்பாய் வந்து சேருகிறார்கள்."

எங்கள் ஊரில் பேச்சில் யாரும் யாரையும் இடைமறிக்கலாம்; ஜெபத்தில் மட்டும் கூடாது. அதனால் என்னை ஒருவராலும் தடுக்க முடியவில்லை. அப்போது கதவோரத்தில் இருந்து அக்காவின் குரல் வந்தது. கண்ணை மூடி, முந்தானையில் முகத்தை வைத்துக்கொண்டு, அவளும் ஜெபிக்கிற மாதிரிதான் கேட்டாள்.

"ஆண்டவரே, அந்தப் பஸ்ஸுல வாறவியளுக்குக் குடிக்க வெள்ளம் கிட்டுதா?"

நல்லதாக ஒன்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஜெபத்தில் பொய் சொல்ல முடியாது.

"ஆண்டவரே, எல்லை முகாம்களில் தண்ணீர்த் தட்டுப்பாடு நிலவுவதாகத் தெரிகிறது. கூடுதல் லாரிகள் அனுப்பப்பட்டுள்ளன."

"லாரி வருதுல்லா, ஆண்டவரே?"

"வருகின்றன, ஆண்டவரே."

"எண்ணெக் கெணறு எரியுதுண்ணும் ஆளு ஒண்ணும் மிச்சமில்லேண்ணும் சாயக்கடையில சொன்னதோ, ஆண்டவரே?"

"அவ்வாறு எந்தத் தகவலும் இல்லை, ஆண்டவரே."

"அப்போ அது சும்மா சொன்னதாக்கும்" என்றாள் அக்கா. கண்ணாடிக்குக் கீழே இருந்து மெல்ல, "ஸ்தோத்திரம்" என்று ஒரு குரல் வந்தது.

பம்பாயில் வந்து இறங்குகிறவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறார்களா, ஊருக்கு வர ரயில் உண்டா என்று அக்கா மேலும் கேட்டாள். எனக்குத் தெரிந்ததை ஆண்டவரிடம் சொன்னேன். தெரியாததை, "விவரங்கள் இன்னும் கிடைக்கவில்லை, ஆண்டவரே" என்றேன். பிறகு எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. ரேடியோவில் முடிக்கும் முன்பு முக்கியச் செய்திகளை இன்னொரு தடவை சொல்வார்கள். அதனால் பேருந்து, அம்மான், தண்ணீர் லாரி, பம்பாய் என்று எல்லாவற்றையும் சுருக்கமாக ஒருமுறை சொன்னேன்.

"இத்துடன் செய்திகள் முடிவடைகின்றன" என்றேன்.

முதலில் அக்காதான், "ஆமென்" என்றாள். பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

கூட்டம் முடிந்து மரச்சீனிக்கிழங்கும் தொட்டுக்கொள்ள மிளகுச் சம்மந்தியும் கொடுத்தோம். அத்தனை நாளும் எந்த வீட்டிலும் தட்டைத் தொடாமல் திருப்பிக் கொடுத்துவந்த அக்கா, இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எலே மக்கா, இவ்வளவும் தெரிஞ்சு வச்சிக்கிட்டா எனக்க முன்னால நீ மழையைப் பற்றிப் பேசினே?"

நான் அவள் தட்டில் இன்னொரு துண்டு கிழங்கை எடுத்து வைத்தேன்.

"நாதசுரம் வேற" என்றாள்.

பசுவை அவிழ்த்து வரவேண்டும் என்று சொல்லி எழுந்தேன். அது பொய் இல்லை. பசு அவள் தொழுவத்தில்தான் நின்றது. ஆனாலும் கூட்டம் முழுவதும் சிரித்தது. உபதேசியார் வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். குவைத் பேசியதற்கு ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

"நல்ல ஜெபம். வானிலையை விட்டுட்டீரு" என்றார்.

அக்காவின் மகன் ஒரு மாதத்துக்குப் பிறகு வந்தான். அம்மான் வழியாகப் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து ரயிலில் பாறசாலையில் வந்து இறங்கினான். கையில் ஒரு பை மட்டும். அவனுக்குப் புதுச் சட்டையும் பேன்ட்டும் தைக்க அக்கா அழைத்து வந்தபோது, இடுப்பில் பழைய அளவைவிட மூன்று அங்குலம் குறைந்திருந்தது. அளவைச் சொன்னேன். அக்கா சனிக்கிழமை வேண்டும் என்றாள். அந்தச் சனிக்கிழமை மட்டும் சரியாகக் கொடுத்தேன்.

அது பின்னால் நடந்தது. ஜெபத்துக்கு மறுநாள் காலை ஏழேகாலுக்கு அக்கா வந்து ரேடியோவின் முன்னால் உட்கார்ந்தாள். நான் நாதசுரத்துக்கு மாற்றவில்லை. அன்று செய்தியில் குவைத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் மழை பெய்யும் என்றார்கள். எங்கள் பக்கம் பெய்யவில்லை.