எண்ணெய் போட்ட ஃபிளாப்பி

பழைய ஃபிளாப்பியில் இருப்பதை அப்படியே ஒரே ஃபைலாக எடுத்துத் தருவது என் தொழில். இதில் ஃபிளாப்பி படுத்துகிற பாடு கொஞ்சம், அதைக் கொண்டுவருகிறவர்கள் படுத்துகிற பாடு அதிகம்.

அந்த ஃபைலுக்கு இமேஜ் என்று பெயர். அதை எமுலேட்டரில், அதாவது பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற சாஃப்ட்வேரில் போட்டால், எப்போதோ செத்துப்போன மெஷினில் ஓடிய புரோகிராம் இன்றைய லேப்டாப்பில் ஓடும். மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட் என்று கடை நடத்துகிற நான், ஓரமாக இதையும் செய்கிறேன். உப்புக்காற்றில் கம்ப்யூட்டர் கடை வைத்து என்னைப் போலவே நொந்துபோனவர்கள் இருந்தால், வாருங்கள், சேர்ந்து புலம்பலாம்.

பொட்டு

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திய ஒருவர், அகலமான அந்தக் காலத்து ஃபிளாப்பி ஒன்றைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அந்த வகை ஃபிளாப்பியின் உறையில் நீளமாக ஒரு திறப்பு இருக்கும். டிரைவ் படிப்பது அந்த வழியாகத்தான், அங்கே விரல்கூடப் படக்கூடாது. மனிதர் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, குறி பார்த்தது போல அங்கேயே சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்.

சுரண்டவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. “சார், சுத்தி இவ்ளோ எடம் காலியா இருக்குதே, அங்க வச்சிருக்கக் கூடாதா?” என்று கேட்டேன். அவருக்கு என்மேல் வருத்தம்தான் வந்தது.

“மூடியிருக்கிற எடத்துல வச்சா அது எப்படிம்மா உள்ள இருக்கிறதுக்குப் போய்ச் சேரும்?”

நெட்டில் இல்லாத கேம்

கூனிமேடு கரீம் பாய் குவைத்தில் டிரைவராக இருந்தவர். டிவியில் மாட்டி ஓட்டுகிற வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றை அங்கே வாங்கி, புத்தகத்தைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு, சொந்தமாக ஒரு கேம் எழுதினாராம். இதை அவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. கம்ப்யூட்டர் துருப்பிடித்து என்றைக்கோ போய்விட்டது. துபாயிலிருக்கும் மருமகன் ஒவ்வொரு லீவிலும், “மாமா, அந்த கேம் எங்க?” என்று கேட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு பாயைத் தூங்கவிடவில்லை. பக்ரீதுக்கு மருமகன் வருகிறார், அதற்குள் கேமை ஸ்கிரீனில் காட்டியாக வேண்டும்.

நெட்டில் எல்லாம் கிடைக்கும், தன் கேமும் கிடைக்கும் என்று பாய் அடித்துச் சொன்னார். தேடினேன். அதே கம்ப்யூட்டருக்கு யார் யாரோ எழுதிய கேம்களின் இமேஜ்கள் கொட்டிக் கிடந்தன. பாயுடையது இல்லை. எப்படி இருக்கும்? ஸ்கிரீனை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கே பாவமாகிவிட்டது.

“அவங்கள்லாம் ஊருக்குக் குடுத்துட்டாங்க, நான் மட்டும் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்.”

பூட்டு, கத்தரிக்கோல், ஃபிளாப்பி

மறுநாள் ஃபிளாப்பியோடு வந்தார். சின்ன சைஸ், மேலே நகர்கிற தகர மூடி உள்ளது. கையில் வாங்கினால் வழுக்கியது. தேங்காய் எண்ணெய்!

இது எங்கள் ஊர்ப் பழக்கம். இரும்பு என்று ஒன்று கண்ணில் பட்டால் எண்ணெய் தடவிவிடுவோம், இல்லாவிட்டால் உப்புக்காற்று தின்றுவிடும். பாயின் மனைவி ஜமீலா, பூட்டுக்கும் கத்தரிக்கோலுக்கும் போடும்போது இந்தத் தகர மூடிக்கும் மறக்காமல் போட்டிருக்கிறார். எண்ணெய் உள்ளே இறங்கியிருந்தது. அப்படியே டிரைவில் செருகியிருந்தால் இந்த சைஸுக்கு என்னிடம் இருக்கும் ஒரே டிரைவும் காலி. எனக்கு வந்த கோபத்தில் “யார் பாய் இந்த வேலையைப் பாத்தது?” என்று கத்திவிட்டேன். பாய் அசரவில்லை.

“அவ எண்ணெய் போடாம வுட்டிருந்தா அந்தத் தகரமே இருந்திருக்காதும்மா, அவளை ஒண்ணும் சொல்லாத.”

தனியாக வந்தவர்

அடுத்த நாள் காலையில் ஷட்டரைத் தூக்குகிறேன், வாசலில் ஜமீலாம்மா. கடைக்குச் சாமான் வாங்க வந்ததாகச் சொன்னார், கையில் பை இல்லை. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துப் பேசினார். இத்தனை வருஷமாகப் புருஷன் சொல்வதை அவரும் முழுசாக நம்பவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல்நாள் கத்தியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

“உள்ள ஒண்ணும் இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடாதம்மா, என் எண்ணெயில கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு.”

மழைக்கு முன்னால்

ஃபிளாப்பியின் கூட்டைப் பிரித்து, உள்ளே இருந்த வட்டத் தகட்டைப் பாத்திரம் கழுவுகிற சோப்பில் மெதுவாகக் கழுவி, ஃபேன் காற்றில் காயவைத்து, வேறொரு ஃபிளாப்பியின் கூட்டுக்குள் மாற்றினேன். பாயும் ஜமீலாம்மாவும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். டிரைவ் முனகியது. சரியாகப் படித்த இடம் ஸ்கிரீனில் பச்சைக் கட்டமாக வரும், கெட்டுப்போன இடம் சிவப்பாக வரும். முதல் கட்டமே சிவப்பு. ஜமீலாம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், சொல்லிவிடு என்பது போல. நான் டிரைவில் படிக்கிற முனையான ஹெட்டைத் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டேன். பச்சை. அதற்கப்புறம் எல்லாமே பச்சை.

இமேஜை எமுலேட்டரில் போட்டேன். நீலத் திரையில் வெள்ளைக் குவியல்கள், பலகையோடு ஒரு குட்டி ஆள், மேலே நகர்ந்து வரும் மேகம். மழைக்கு முன்னால் உப்பைக் கரைக்குத் தள்ளிக் கீற்றால் மூட வேண்டும், அதுதான் கேம். குவைத்தில் உட்கார்ந்துகொண்டு மனிதர் நம் உப்பளத்தை எழுதியிருக்கிறார்! பாய் ஸ்கிரீனைப் பார்க்கவே இல்லை, மனைவியின் முகத்தைத்தான் பார்த்தார். கண்ணோரம் ஈரம். “பாத்தியா ஜமீலா? பாத்தியா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஜமீலாம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

“அல்ஹம்துலில்லாஹ், இதுல பாக்கிறதுக்கு என்ன இருக்குது, நம்பாமலா நான் இத்தினி வருஷம் எண்ணெய் போட்டேன்?”

இந்தத் தொழிலில் ஃபிளாப்பிக்குள் இருப்பதை வெளியே எடுக்கத் தெரிய வேண்டும், வாசலில் தணிந்த குரலில் சொன்னதை உள்ளேயே வைத்துக்கொள்ளவும் தெரிய வேண்டும் என்றாலும், இரண்டாவதில் என் லட்சணம் என்ன என்பது இவ்வளவு தூரம் படித்த உங்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கும்.