பார்த்துவிட்டு மட்டும் வந்தவர்

ஸ்டோவ்னர் முதியோர் இல்லத்தில் நான் பராமரிக்கும் நோர்வேஜிய மூதாட்டி, தன் தகப்பனின் வீரப்பதக்கத்தை என் உள்ளங்கையில் வைத்தார். போர்க்காலத்தில் வடதுருவப் பனிக்கடல்வரை பறந்து, எதிரியின் இடங்களை வேவுபார்த்ததற்குக் கிடைத்ததாம். "அப்பா ஒரு குண்டும் போடவில்லை. பார்த்துவிட்டு மட்டும் வந்தவர்" என்றார் பெருமையாக.

போர் நடந்த நாட்களில் வன்னியில் எங்கள் கூரைக்கு மேலும் வேவு விமானம் சுற்றும். இரைச்சல் கேட்டதும் அடுப்பை அணைப்போம், கொடியில் காயும் வெள்ளைத் துணிகளை உள்ளே எடுப்போம். வெள்ளை மேலிருந்து தெரியும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எனக்கு இருந்தது ஒரேயொரு வெள்ளைச் சட்டை. ஒருநாள் அது ஈரமாகக் கொடியில் கிடந்தது.

"வேவு சுத்துது! பிள்ளை, தம்பியின்ர சட்டையை எடு!" என்று அப்பா பங்கர் குழிக்குள் இருந்து கத்தினார். அக்கா ஓடினாள். விமானம் பார்த்துவிட்டுப் போனது. பிறகுதான், அவள் திரும்பி வருமுன், செல் குண்டு விழுந்தது.

அக்காவின் விரல்களைப் பிரித்துத்தான் அம்மா அந்தச் சட்டையை எடுத்தா. கறை மங்கும்வரை தோய்த்து, பள்ளி திறந்த அன்று எனக்குப் போட்டுவிட்டா. "அழாதை. போய்ப் படி."

"உங்கள் ஊரிலும் இப்படி விமானிகள் இருந்தார்களா?" என்று மூதாட்டி கேட்டார்.

"இருந்தார்கள். அவர்களுக்கும் பதக்கம் கொடுத்திருப்பார்கள்" என்றேன்.