கேன்காரன் நான் இல்லை

மயிலாப்பூரில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுவது என் வேலை. ஒன்பதாவதோடு நான் பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டேன். கூடப் படித்த நண்பன் மேலே படித்து, காமிக்ஸ் வரைந்து நெட்டில் போட ஆரம்பித்தான். அவனுடைய சூப்பர் ஹீரோ பெயர் கேன்காரன். தோளுக்கு ஒன்றாக ரெண்டு கேனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு மாடி தாவுவான். ரவுடிகளைக் காலி கேனாலேயே மொத்துவான். என் கோணல் பல், என் சப்பை மூக்கு, என் நக்கல் எல்லாம் அவனுக்கு அப்படியே இருந்தன. தெருவில் பொடிசுகள் என்னைப் பார்த்தால், "கேன்காரா, பற!" என்று கத்தும். நானும் ரெண்டு படி தாவிக் காட்டுவேன்.

தி.நகரில் ஒரு சினிமா கம்பெனி கேன்காரனைப் படமெடுக்க உரிமை கேட்டது. இத்தனை வருஷத்தில் நண்பனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசிய முதல் ஆட்கள் அவர்கள்தான். மறுநாளே ஒரு தாளோடு என்னிடம் வந்தான்.

"சும்மா ஒரு சைன் போடு மச்சி."

"இன்னா எழுதிகீது?"

"ஆட்சேபணை இல்லன்னு."

பக்கம் முழுக்க இங்கிலீஷ். "இவ்ளோ இங்கிலீஷுக்கு ரெண்டே வார்த்த தமிழா? மீதிய நீ துன்னுட்டியா?"

என் கிண்டலுக்கு முதல் ஆளாகச் சிரிப்பவன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. எனக்குப் பொறி தட்டியது. தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

சாந்தோமில் நான் கேன் போடும் ஒரு டீச்சரம்மாவிடம் காட்டினேன். ரெண்டு தடவை படித்தார்.

"அந்த ஹீரோவுக்கும் உனக்கும் சம்பந்தமே இல்லையாம் தம்பி. முகமும் உன்னுது இல்லையாம். இனிமே நான்தான் அவன்னு யார்கிட்டயும் சொல்லவும் கூடாதாம்."

நண்பனை இழுத்துக்கொண்டு கம்பெனிக்கே போனேன். அங்கிருந்த வக்கீல் லேப்டாப்பில் இருந்த கேன்காரனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லா பாருங்க சார். வேணும்னா பல்லக் காட்டறேன்."

"படத்துல பெரிய நடிகர் நடிப்பாருப்பா. உன் முகமே வராது. இது ஒரு சேஃப்டிக்கு."

"வராத மூஞ்சிக்கு எதுக்கு சார் சேஃப்டி? என் மூஞ்சிதான், நான் ஒத்துக்கினேன்னு எழுதுங்க. இப்பவே போடறேன்."

"அப்படி எழுதினா நாளைக்கு வந்து பங்கு கேப்ப."

"கேக்க மாட்டேன்னும் சேத்து எழுதுங்க."

அவர் நண்பனிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இவரப் பாத்துதான் வரைஞ்சீங்களா?"

நண்பன் காபி கப்பையே பார்த்தான். "இல்ல சார். கற்பனதான்."

"இந்தத் தாள் வராம எங்க சைடுல ஒண்ணும் நகராது" என்று எழுந்துவிட்டார் வக்கீல்.

பஸ் ஸ்டாப்பில் நண்பன் வெடித்தான். "கெடுத்துட்டியேடா! நாளைக்கு நீ கேஸ் போட மாட்டேன்னு அவனுங்க எப்டி நம்புவானுங்க?"

"அவனுங்கள வுடு. நீ நம்பறியா?"

பஸ் வந்தது. ஏறிப் போனான்.

ரெண்டு வாரம் ஆளையே காணோம். ஒருநாள் காலையில், நான் வண்டியில் கேன் ஏற்றிக்கொண்டிருந்தபோது வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. லேப்டாப்பைத் திறந்து கேரியரில் வைத்தான்.

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கேன்காரனை மறுபடி வரைந்திருந்தான். மூக்கு நேராகிவிட்டது. பல் வரிசை பேஸ்ட் விளம்பரம் மாதிரி. முதுகைக் காட்டி நிற்கிற படத்தில்கூட என்னைத் தேடினேன். இல்லை.

"சோக்காதான் கீறான்" என்றேன். "கேன் தூக்கற மூஞ்சியாத்தான் தெரியல."

"தாள்ல எழுதிகிறது இப்ப நெஜம்தானே மச்சி?"

நிஜம்தான். பேனாவை வாங்கினேன்.

"பழைய படம்லாம் இன்னா பண்ண?"

"அழிச்சிட்டேன். அவனுங்கதான் அழிக்கச் சொன்னானுங்க."

கேன் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.