நான் செத்துக் காட்டிய நாடகம்

நாடகத்தை இயக்குவது எப்படி என்பதைப் பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி சொல்லச் சொல்ல நான் குண்டு குண்டான எழுத்தில் இறக்கிக்கொண்டவை. மொத்தம் ஐந்து விதிகள். சனங்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. அவரவர் நிற்க வேண்டிய இடத்தில் சாக்கட்டியால் குறி போட்டுவிட வேண்டும். மேடையில் செத்தவர் கூட்டம் கலைகிறவரை செத்தே கிடக்க வேண்டும். ஐந்தாவதை அந்த அம்மாள் மேசையைத் தட்டிச் சொன்னார்: நாடகத்தை நடத்துகிறவர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், அவரை யாரும் பார்க்கக் கூடாது.

இந்த நோட்டை எடுத்துக்கொண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில், ஜவ்வாது மலைமேல் இருந்த ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போனேன். எனக்கு இருபத்திரண்டு வயது. பள்ளிக்கூடம் என்றால் ஓர் அறை, ஒரு கரும்பலகை, ஒரு மணி. இரண்டு வருஷத்தில் ஒன்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஊரில் பிள்ளைகளுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. பாதிப் பேர் சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள், நான் திரும்பினால் ஓடிவிடுவார்கள். மலைக்காரர்களுக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை என்று நான் மாதாமாதம் அறிக்கை எழுதினேன்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. பாஸ்காவுக்குள், அதாவது ஈஸ்டருக்குள், இருபது பிள்ளைகள் சேராவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு டீச்சர் கீழே இறங்கிவிட வேண்டியது. கீழே, சந்தவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், என் அப்பா போளூர்த் தாலுகா கச்சேரி குமாஸ்தா ஒருவரை எனக்கு மாப்பிள்ளையாகத் தயாராக வைத்திருந்தார். அவரை ஒருமுறை பார்த்திருக்கிறேன். முக்கால் மணி நேரம் தன் ஜலதோஷத்தைப் பற்றியே பேசினார். அதுவரை மலையின் குளிரையும் கேழ்வரகுக் களியையும் திட்டிக்கொண்டிருந்தவள் நான். கடிதத்தைப் படித்ததும், இந்த மலையை விட்டுப் போகவே மாட்டேன் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்து உட்கார்ந்துவிட்டது.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை பூசை வைக்கக் குதிரையில் மேலே வரும் எங்கள் மிஷன் பாதிரிச் சாமியாரிடம் புலம்பினேன். "நாடகம் போடேன்" என்றார். அவர் பேச்சுக்குச் சொன்னார். நான் நோட்டைத் தூசி தட்டினேன்.

ஒரே ராத்திரியில் நாடகமும் எழுதிவிட்டேன். ஒரு குடியானவனுக்கு மலைக்காய்ச்சல். கொயினா மாத்திரைப் பொட்டலம் வருகிறது. எத்தனை தின்ன வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. தப்பாகத் தின்று சாகிறான். பெண்சாதி தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ, ஒருத்தராவது படித்திருந்தால்!" என்று கதறுகிறாள். இதைப் பார்த்தால் கல்லும் கரைந்து பள்ளிக்கூடத்தில் சேரும் என்று நினைத்தேன்.

ஊர்க்கவுண்டரிடம் அனுமதி கேட்கப் போனேன். அவர் சாமை காயப்போட்ட பாறைமேல் உட்கார்ந்து காடை விரட்டிக்கொண்டிருந்தார்.

"நாடகமா? விடிய விடியவா?"

"இல்லைங்க, ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரத்துக்கா இத்தினி பேர் வந்து குந்தணும்?" என்றார். ஆனாலும் சரி என்றார்.

சாகப் போகிற குடியானவனாக, புளிய மரம் ஏறி உலுக்குகிற ஓர் ஆளைப் பிடித்தேன். மரத்தின் மேலிருந்து அவர் பேசினால் அடுத்த ஊரில் பதில் சொல்வார்கள், அப்படியொரு குரல். எனக்குக் கிடைத்த முதல் நடிகர் என்பதால் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அம்மன் கல் இருந்த மரத்தடியில் ஒத்திகை. சனங்களைப் பார்த்து நில்லுங்கள் என்றேன். நடிகர்கள் எல்லாரும் ஒருசேரத் திரும்பி மரத்தைப் பார்த்து நின்றார்கள். அம்மனுக்கு முதுகு காட்ட முடியாதாம். நான் கத்தினேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு மரத்தையே பார்த்தார்கள். கடைசியில் சனங்கள் உட்காரும் இடத்தை மரத்தடிக்கு மாற்றினேன். அம்மனும் சனங்களோடு சேர்ந்து நாடகம் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். முதல் விதி பிழைத்தது.

இரண்டாவது பிழைக்கவில்லை. யாராவது ஒரு வசனம் சொன்னால் எதிரில் இருப்பவர் "உம்" என்பார். "எனக்குக் காய்ச்சலாக இருக்கிறது." "உம்." "உடம்பெல்லாம் நடுங்குகிறது." "உம்." நிறுத்துங்கள் என்றால், "பேசறவங்க எதிர்க்க உம் கொட்டாம இருந்தா மரியாதையா, டீச்சரம்மா?" என்று என்னையே கேட்டார்கள். அதற்கு நோட்டில் பதில் இல்லை.

மூன்றாவதுதான் என்னைப் படுத்திவிட்டது. நிற்கிற இடத்திலெல்லாம் சாக்கட்டியால் குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு போட்டு வைத்தேன். மறுநாள் பார்த்தால், ஒவ்வொருவரும் நேராக வந்து, குறிக்குக் கிட்டே வந்ததும் சுற்றி விலகிப் போகிறார்கள். மேடை முழுக்க வளைந்து வளைந்து நடக்கிறார்கள். குடித்துவிட்டு வந்தீர்களா என்று புளி உலுக்குகிறவரைக் கேட்டேன்.

"உங்க கோயில் மேல இருக்கற சிலுவைய நீங்களே தரையில போட்டு வெச்சா எப்படி மிதிக்கறது? பாவம் இல்லியா?" என்றார்.

சாக்கட்டியை ஆத்திரத்தில் வீசி எறிந்தேன். ஓர் ஆடு அதை முகர்ந்து பார்த்தது.

இத்தனையும் தாங்கிக்கொண்டு சாவுக் காட்சிக்கு வந்தோம். புளி உலுக்குகிறவர் பாயில் நீட்டிப் படுத்தார். நான் அவர்மேல் ஒரு வேட்டியைப் போர்த்தினேன். அந்த நேரம் பார்த்து விறகுக் கட்டோடு அந்தப் பக்கம் வந்தாள் அவருடைய பெண்சாதி. கட்டைத் தொப்பென்று போட்டாள். வேட்டியை உருவினாள். புருஷனைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"இன்னா டீச்சரம்மா இது? குத்துக்கல்லாட்டம் இருக்கற ஆளை எதுக்குச் சாவடிக்கிறீங்க?"

"நாடகம்தானம்மா. நீங்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து அழ வேண்டும், அவ்வளவுதான்."

"உசுரோட இருக்கறவருக்கு நான் ஒப்பாரி வெக்கணுமா?" என்றவள் விறகை விட்டுவிட்டுப் புருஷனை மட்டும் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். என் கதாநாயகர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விஷயம் ஊர்க்கவுண்டரிடம் போனது. நல்ல வேளையாகச் சாமியாரும் அன்றைக்கு மேலே வந்திருந்தார்.

"எங்க ஆளு யாரும் சாவக் கூடாது. செத்தா அழுவணும். அழுதா எமன் காதுல விழும். இது நாடகம், இது நெசம்னு அவனுக்கு யாரு சொல்றது?" என்றார் கவுண்டர்.

"வைக்கோலில் ஒரு பொம்மை கட்டிப் படுக்க வைக்கலாமா?"

"அது செய்வினை."

"அப்படியானால் யார்தான் சாவது?" என்று கிட்டத்தட்ட அழுதேன்.

"நீங்க சாவுங்க" என்றார், ரொம்ப மரியாதையாக. "உங்க சாமி செத்து மூணாம் நாளு எழுந்து வந்துச்சுன்னு நீங்கதானே படம் காட்டிச் சொன்னீங்க? உங்க ஆளுங்களுக்கு அது பழக்கம். எங்களுக்குப் பழக்கம் இல்ல."

சிரிக்க ஆரம்பித்த சாமியார் இருமலில் கொண்டுபோய் முடித்தார். நான் அவரை முறைத்தேன்.

"காய்ச்சல் டீச்சரம்மாவுக்கு வரட்டும். படிக்கத் தெரிஞ்சது ஊருல அவங்க ஒருத்தர்தான், அவங்க நெனப்பு தப்பிக் கெடக்கறாங்க. பொட்டலத்தை யாரு படிக்கறது?" என்றார் கவுண்டர், சாமையைக் கிளறிக்கொண்டே. அவர் சொன்னது நான் எழுதியதைவிட நல்ல நாடகம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நாடகம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வந்து மரத்தடியில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நான் காய்ச்சலில் நடுங்கினேன். புளி உலுக்குகிறவர் பொட்டலத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதுல இன்னாமோ எறும்பு ஊர்ந்திருக்குது" என்றார். நான் எழுதாத வசனம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாத்திரை மொத்தத்தையும் என் வாயில் போடுவதாகப் பாவனை செய்தார்கள். நான் செத்தேன். முகத்தின்மேல் மெல்லிய வேட்டியைப் போட்டு மூடினார்கள்.

புளி உலுக்குகிறவர் என் தலைமாட்டில் நிற்க வேண்டியவர், கால்மாட்டுக்குப் போய் நின்று எல்லாரையும் மறைத்தார். பொறுக்க முடியவில்லை.

"அந்தப் பக்கம் போங்க! அந்தப் பக்கம்!" என்று வேட்டிக்குள்ளிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"செத்தவங்க பேசக் கூடாது டீச்சரம்மா" என்றார், அடுத்த ஊருக்கே கேட்கும் குரலில்.

"உம்" என்றது மொத்தக் கூட்டமும்.

இந்த இடத்தில் பெண்கள் வந்து நான்கு வரி அழ வேண்டும் என்பது ஏற்பாடு. புளி உலுக்குகிறவரின் பெண்சாதிதான் முதலில் வந்து உட்கார்ந்தாள். நான் சொல்லிக் கொடுத்த நான்கு வரியை அவள் சீண்டவே இல்லை. மார்பில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு தன்பாட்டில் எடுத்தாள்.

"சன்னலிலே எட்டிப் பார்த்த
எம் மவளை வெரட்டினியே
வெரட்டுன கையாலே
வெளியிலே ஓடி வந்து
கால்முள்ளை எடுத்தியே – என் தாயே
கட்டும் போட்டு அனுப்பினியே

கடுகடுத்த மூஞ்சியிலே
ஒரு நாளும் சிரிப்பில்லியே
அந்த மூஞ்சி பாத்துத்தானே
அனுப்பாம வெச்சிருந்தேன்
சிரிக்காமப் போனியே – என் தாயே
சீக்கிரமாப் போனியே"

நாடகமென்று நினைத்துத்தான் முதல் வரியைக் கேட்டேன். பிறகுதான் உறைத்தது. படிப்பின் அருமை தெரியாதவர்கள் என்று இரண்டு வருஷமாக அறிக்கை எழுதினேனே, பிள்ளைகள் பயந்தது படிப்புக்கு அல்ல, என் மூஞ்சிக்கு. வெட்கமாக இருந்தது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைக்கவும் முடியாது, நான் பிணம்.

"ஒரு தரம் எழுந்து வா
எம் மவளை அனுப்பறேன்
ஒரு தரம் சிரிச்சுக் காட்டு – என் தாயே
ஓடி வந்து வுட்டுப்போறேன்"

என்று முடித்தாள். சாவு வீட்டில் இப்படிச் சொல்லி அழுவது வழக்கம்தான். போனவர் எழுந்து வரப் போவதில்லை என்கிற தைரியத்தில் எதையும் கொடுப்பதாகச் சொல்லலாம். அடுத்தவள் விடுவாளா? எழுந்து வந்தால் தன் இரண்டு பிள்ளைகளையும் அனுப்புகிறேன் என்று அழுதாள். அதற்கடுத்தவள் மூன்று என்றாள். ஏலம் போலப் போயிற்று.

வேட்டி மெல்லியது. வெளியே நடப்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது, என் முகம் யாருக்கும் தெரியாது. ஐந்தாவது விதியை ஆயுளில் ஒருமுறை சரியாகக் கடைப்பிடித்தது அப்போதுதான். முன்வரிசையில் சாமியார் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். எனக்காக வேண்டுகிறார் என்று நினைத்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மணி தள்ளுகிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

அப்போது ஒரு கட்டெறும்பு என் கழுத்தில் ஏறிற்று.

"எறும்பு" என்றேன், உதடு அசையாமல்.

புளி உலுக்குகிறவர் குனிந்தார். இந்தத் தடவை மெதுவாகப் பேசினார். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க டீச்சரம்மா. ஏறிக்கினே போவுது."

எறும்பைச் சொன்னாரா, எண்ணிக்கையைச் சொன்னாரா, கேட்க முடியவில்லை. அது கடித்தது. நான் குமாஸ்தாவின் ஜலதோஷத்தை நினைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன். நான் சும்மா கிடக்கக் கிடக்க நாடகம் தானாக, நான் நினைத்தே பார்க்காத அழகில் நடந்தது. சாமியாரின் ஜெபமாலையில் ஒரு பத்து மணி முடிந்து, பெரிய மணி தாண்டி, அடுத்த பத்தில் நான்காவது மணியைத் தொட்டபோது எறும்பு இரண்டாவது முறை கடித்தது. கூட்டம் கலையும்வரை கிடக்க வேண்டும் என்ற விதியை உதறிவிட்டு வீலென்று எழுந்து உட்கார்ந்தேன்.

ஒப்பாரி அப்படியே நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கழுத்தைச் சொறிந்தேன்.

"எழுந்துட்டாங்க" என்றார் ஊர்க்கவுண்டர், பெண்கள் பக்கம் திரும்பி. "செத்தவங்க கிட்ட சொன்ன வாக்கை மாத்தக் கூடாது. தெரியுமில்ல?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று என்று அழுதவள், தனக்கு இரண்டுதான் என்றும், ஒன்று நாத்தனாருடையது என்றும் முனகினாள். அந்தச் சாக்கு செல்லாது, மூன்றும் வர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

திங்கட்கிழமை காலை மணி அடித்தேன். வந்தார்கள். தலையில் எண்ணெய் வழிய, பயந்த கண்களோடு, ஒருவர் பின் ஒருவராக வந்து தரையில் உட்கார்ந்தார்கள். எண்ணினேன், பழைய ஒன்பதோடு இருபத்திரண்டு. மேலிடம் கேட்டதற்கு மேலேயே இருந்தது.

ஆனால் வாசலில் இன்னும் ஒருத்தி நின்றாள். புளி உலுக்குகிறவரின் பெண்சாதி. மகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டது.

"உள்ளே வரச் சொல்லுங்கள்" என்றேன், என் வழக்கமான குரலில்.

அவள் நகரவில்லை. "நான் ரெண்டு சொல்லி அழுதேன், டீச்சரம்மா" என்றாள். "எழுந்து வரணும்னு ஒண்ணு. அது ஆச்சு. இன்னொண்ணு பாக்கி."

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பள்ளிக்கூடங்களில், எத்தனையோ மேடைகளில் நாடகம் போட்டிருக்கிறேன். சிரி என்றும் அழு என்றும் எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறேன். சொன்னவுடன் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வாசலில்தான் தெரிந்தது. உதட்டை இழுத்துப் பார்த்தேன். கோணிக்கொண்டு போயிற்று. அந்தப் பெண் புடவைக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, "பொணம் மாதிரியே கீது, அம்மா" என்றது.

அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பிள்ளைகளும் பயத்தோடு ஆரம்பித்துப் பிறகு பயமில்லாமல் சிரித்தார்கள்.

அவள் மகளின் கையை விட்டாள்.